பார்க்கப் போகிறவன் கடமை



கோடை விடுமுறை நெருங்கினால் நம் புதுக்கோட்டைப் பகுதியில் இப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. "இந்த வருஷம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம் என்றிருக்கிறோம்" என்பதே அது. நம் பாட்டன்மார் கடல் கடந்தது பிழைப்புக்காக. பினாங்கு என்றும் ரங்கூன் என்றும் கொழும்பு என்றும் அவர்கள் கப்பலேறினபோது வீட்டார் அழுதுகொண்டு வழியனுப்பினார்கள். இன்றோ திருச்சியில் ஆகாய விமானம் ஏறினால் ஏறக்குறைய நாலு மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடலாம். அண்ணன் அங்கே, மைத்துனன் அங்கே, பக்கத்து வீட்டுப் பையன் அங்கே. ஆகவே, பிழைக்கப் போன ஊர் நமக்கு வேடிக்கை பார்க்கப் போகும் ஊருமாய் ஆகிவிட்டது.

இதைப்பற்றி ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. பிழைக்கப் போகிறவனுக்கு என்னென்ன கடமைகள் உண்டென்று நமக்குத் தெரியும்: உண்மையாய் உழைக்கவேண்டும், கடனைத் தீர்க்கவேண்டும், குடும்பத்தை மறக்கக்கூடாது. ஆனால் பார்க்கப் போகிறவனுக்குக் கடமை ஏதாவது உண்டா? அல்லது, டிக்கெட்டுக்குப் பணம் கட்டினதோடு அவன் கடமை தீர்ந்துபோயிற்றா?

முதலில் ஒரு சந்தேகத்தை நிவர்த்தி செய்துகொள்வோம். ஊர் சுற்றிப் பார்ப்பதே வீண் ஆடம்பரம், பாவம் என்று எண்ணுகிற நல்லவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு 13-ஆம் நூற்றாண்டின் பெரிய வேதசாஸ்திரியான அர்ச். தோமாஸ் அக்வீனாஸ் பதில் சொல்லியிருக்கிறார். உடலுக்கு ஓய்வு வேண்டியிருப்பதுபோல மனதிற்கும் ஓய்வு வேண்டும் என்று விளக்கும் இடத்தில், அப்போஸ்தலரான அர்ச். அருளப்பரைப்பற்றிய பழைய கதை ஒன்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்களாம். அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனை அவர் அம்பு எய்யச் சொன்னார். அவன் பலமுறை எய்தபின், "இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருப்பாயா?" என்று கேட்டார். "எய்தால் வில் முறிந்துவிடும்" என்றான் அவன். மனித மனதும் அப்படியே, இறுக்கம் தளராவிட்டால் முறிந்துவிடும் என்றார் அருளப்பர். ஆகவே, வருஷம் முழுவதும் கடையிலோ வயலிலோ பள்ளிக்கூடத்திலோ உழைத்த குடும்பம் பத்து நாள் ஊர் பார்க்கப் போவதில் குற்றமில்லை. கடன் வாங்காமல், கையில் உள்ளதற்குத் தக்கபடி போனால் நல்லதுமாகும்.

ஆனால் அதே தோமாஸ், கண்ணால் அறிகிற ஆசையைப்பற்றியும் எச்சரித்திருக்கிறார். பயன் ஒன்றையும் நாடாமல் வெறுமனே பார்த்துத் திரிகிற ஆசையை அவர் குறை என்கிறார். பார்ப்பதில் தப்பில்லை; எப்படிப் பார்க்கிறோம் என்பதில் தப்பு நுழையக்கூடும். சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர் விஷயத்தில் அது எங்கே நுழைகிறதென்று பார்ப்போம்.

அங்கே முதலில் கண்ணைக் கவர்வது மரீனா விரிகுடா. 2010-இல் திறக்கப்பட்ட பெரிய ஓட்டல் ஒன்று, தலா 55 மாடியுள்ள மூன்று கோபுரங்களின்மேல் கப்பல் மிதப்பதுபோல் நிற்கிறது. அதன் அருகே, கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், 101 ஹெக்டேர் பரப்பில், 2012-இல் திறக்கப்பட்ட பூங்கா இருக்கிறது. 25 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை உயரமுள்ள இரும்பு மரங்கள் இரவில் விளக்கொளியில் ஜொலிக்கின்றன. குழந்தைகள் வாய் பிளந்து நிற்கிறார்கள். பெரியவர்களுந்தான். அந்த வியப்பு நல்லது. ஆனால் இத்தனை பெரிய வேலையைச் செய்த கைகள் யாருடையவை என்று அந்த இடத்தில் எத்தனைபேர் கேட்கிறோம்?

இது இன்று நேற்றுத் தோன்றின விஷயமல்ல. அந்நகரின் நடுவே ஆங்கிலிக்கன் சபையாரின் அர்ச். அந்திரேயர் பேராலயம் வெள்ளைவெளேரென்று நிற்கிறது. 1862-இல் அபிஷேகம் செய்யப்பட்ட அக்கோவிலைக் கட்டினவர்கள், இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டுப்போன கைதிகள். அதன் சுவர்களுக்குப் பூசியது சென்னைச் சுண்ணாம்புக் கலவை: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறின தண்ணீர். நம் ராயவரத்திலும் அரிமளத்திலும் இருக்கிற செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்த வழவழப்பு புதிதல்ல. நம் தேசத்துக் கைப்பழக்கம் கடல் கடந்து போய் அங்கே சுவராய் நிற்கிறது. தினமும் எத்தனையோபேர் அதன்முன் நின்று படம் பிடிக்கிறார்கள். சாந்து குழைத்தவன் யார் என்று அந்தப் படத்தில் தெரியாது.

இப்போது நம் ஊர்க் குடும்பம் ஒன்றை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலைப் பக்கம் சாமான் வாங்கப் போகிறார்கள். அங்கே புல்தரையிலும் நடைபாதையிலும் கூட்டங்கூட்டமாக ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வாரம் முழுவதும் கட்டிடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்தவர்கள், ஒரு நாள் ஓய்வில் சொந்த பாஷை பேசிக்கொண்டு, வீட்டுக்குப் போன் செய்துகொண்டு இருக்கிறார்கள். "இவங்க ஏம்பா இப்படி ரோட்டோரமா உட்கார்ந்திருக்காங்க?" என்று சிறு பையன் கேட்கிறான். தகப்பன் அவன் கையைப் பிடித்து இழுத்து, "அதையெல்லாம் பார்க்காதே, வா" என்கிறார். அந்தப் புல்தரையில் கீரனூர்க்காரனும் இருக்கலாம், மணமேல்குடிக்காரனும் இருக்கலாம். தம் ஊர் மனிதனே அன்று அவருக்கு அழகான காட்சியில் விழுந்த கறையாகத் தோன்றுகிறான்.

இந்தத் தகப்பன் கெட்டவரல்ல. யாரையும் வைதாரில்லை, யாருடைய பொருளையும் எடுத்தாரில்லை. பிறகு குற்றம் எங்கே? மனிதனை மனிதனாக எண்ணாமல் காட்சியின் பாகமாக எண்ணினார், அங்கேதான் குற்றம். கட்டிடம் பிடித்திருந்தது, அதனால் பார்த்தார். கட்டினவன் பிடிக்கவில்லை, அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொருளைப் பார்க்கிற விதமாய் ஆளைப் பார்க்க நமக்கு உரிமையில்லை.

இது நியாயந்தானா என்று சோதிக்க நமக்கு எளிதான வழி ஒன்றுண்டு. நம் மாவட்டமும் பிறர் பார்க்க வருகிற இடமே. சித்தன்னவாசல் ஓவியத்தையும், திருமயம் கோட்டையையும், ஆவுடையார்கோவில் சிற்பங்களையும் காண வெளிநாட்டார் வருகிறார்கள். வழியில் வண்டியை நிறுத்தி, களத்தில் கடலை உதிர்க்கிற நம் கிழவியை ஒருவன் ஒரு வார்த்தை கேளாமல் படம் பிடித்துக்கொண்டு போனால் நமக்கு எப்படி இருக்கும்? மற்றொருவன் இறங்கி வந்து, கும்பிட்டு, "பாட்டி, உங்கள் பெயர் என்ன? இது என்ன பயிர்?" என்று விசாரித்தால் எப்படி இருக்கும்? முதலாமவனைத் திட்டுவோம், இரண்டாமவனுக்கு மோர் கொடுப்போம். இருவரும் பார்த்தது அதே கிழவியைத்தான். நமக்குப் பிறர் எதைச் செய்யவேண்டுமென்று விரும்புகிறோமோ, அதை நாம் போகிற ஊரில் பிறருக்குச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிலர் ஆட்சேபிக்கலாம்: "நான் பணம் கொடுத்துப் போகிறேன். அந்தத் தொழிலாளியும் கூலி வாங்கிக்கொண்டுதான் வேலை செய்தான். யாருக்கும் யாரும் பாக்கியில்லை." கூலி கொடுப்பது நீதி, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கூலியால் தீராத கடன்களும் உண்டு. பள்ளிக்கூட வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அதனால் அவரைக் கண்டு எழுந்து நிற்கவேண்டியதில்லை என்று எந்தத் தகப்பனாவது பிள்ளைக்குச் சொல்வாரா? பணம் உழைப்புக்கு விலை. மரியாதை ஆளுக்கு உரியது.

இதைவிடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. "நான் அவனை மரியாதையாய்ப் பார்ப்பதால் அவனுக்கு என்ன லாபம்? அவன் விடுதி பெரிதாகுமா, சம்பளம் கூடுமா? இது என் மனச்சாட்சிக்கு நானே தடவிக்கொள்ளும் தைலந்தானே?" இதற்குச் சமீப காலத்து இரண்டு சம்பவங்களே பதில் சொல்லட்டும்.

2020-இல் கொள்ளைநோய் வந்தபோது சிங்கப்பூரில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான தொழிலாளர் விடுதிகளில் வசித்தார்கள். ஒரே அறையில் பலர் நெருக்கமாய்ப் படுத்திருந்த இடங்களில் நோய் தீயாய்ப் பரவிற்று. அவ்வாண்டில் அந்நாட்டில் நோய் கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்களே. பல மாதங்கள் அவர்கள் விருப்பம்போல் வெளியே போக முடியவில்லை. அந்த நெருக்கம் நோயோடு வந்ததல்ல, முன்னமே இருந்தது. ஆனால் ஊரார் கண்ணில் அது படவில்லை. நோய் வந்த பிறகே பட்டது. பார்க்காமல் விடப்பட்டவனுக்கு நேரிடுவது இது.

2025 ஜூலை 26-ஆம் தேதி அந்நகரின் தஞ்சோங் காத்தோங் தெருவில் திடீரென்று தரை உள்வாங்கிப் பள்ளமாயிற்று. ஒரு பெண்மணி தம் மோட்டாரோடு அதில் விழுந்துவிட்டார். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த, இந்தியாவிலிருந்து போன தொழிலாளர் ஏழுபேர் ஓடிவந்து, கயிறு போட்டு, சில நிமிடங்களில் அவரைத் தூக்கிவிட்டார்கள். ஊரே அவர்களைப் புகழ்ந்தது. பொதுமக்கள் நன்கொடை திரட்டினார்கள். ஜனாதிபதி அவர்களைத் தம் மாளிகைக்கு அழைத்து உபசரித்தார். மிக நல்ல காரியம். ஆனால் அதற்கு முந்தின நாளும் அவர்களைப்போன்ற ஆட்கள் தெருவெங்கும் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் கண்ணுக்குத் தென்பட ஒரு தெருவே விழவேண்டுமா?

ஆகையால், பார்வை சின்னக் காரியமல்ல. பார்த்தபிறகே இரக்கம் வரும். இரக்கம் வந்தபிறகே உதவி வரும். வழியோரம் குற்றுயிராய்க் கிடந்தவனை மூன்றுபேர் கண்டதாகச் சேசுநாதர் சொன்ன உவமையிலும், இருவர் கண்டு விலகிப்போனார்கள். கண்டு மனமிரங்கினவன் ஒருவனே.

"விடுமுறையில் போய் இந்தத் துக்கமெல்லாம் எதற்கு?" என்று கேட்பீர்களானால், இது துக்கமல்ல என்பேன். செந்தோசாத் தீவின் கடற்கரையில் பிள்ளைகள் மணல்வீடு கட்டட்டும். வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. 1942-இல் ஜப்பானியர் சீனர்களைக் கொன்ற இடங்களில் அந்தக் கடற்கரையும் ஒன்றென்று பெரிய பிள்ளைக்குச் சொன்னால், அவன் சமாதானத்தின் அருமையை அறிந்து விளையாடுவான். 1924-இல் திறக்கப்பட்ட பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூர் பார்க்கப் போகையில், எல்லைச் சாவடி வரிசையில் காத்து நிற்க அலுப்பாயிருக்கும். அதே வரிசையில் தினமும் விடியுமுன் நின்று வேலைக்கு வருகிறவர்களை நினைத்தால் அலுப்பு குறையும்.

இனி, மிக நெருங்கின விஷயத்துக்கு வருவோம். அங்கே கட்டிட வேலை செய்கிற உங்கள் தம்பியைப்பற்றி. அவனுக்குக் கிடைத்திருக்கும் வேலை அனுமதிச் சீட்டின்படி மனைவி மக்களை அங்கே குடிவைத்துக்கொள்ள முடியாது. லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவன் அவன். ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கின கடன் இன்னும் மீதியிருக்கலாம். நீங்கள் போகிறபோது மானத்துக்கு அஞ்சி, ஓவர்டைம் செய்து சேர்த்த பணத்தை உங்கள் பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கச் செலவிடுவான். அதற்கு இடங்கொடாதேயுங்கள். பார்க்கவேண்டியதையெல்லாம் பார்த்து முடித்து, மிஞ்சின அரை நாளை அவனுக்கு ஒதுக்காதேயுங்கள். அவனுக்கு ஓய்வு ஞாயிற்றுக்கிழமையானால் அந்த நாள் முழுவதும் அவனுடையதாயிருக்கட்டும். 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்ட லூர்து மாதா கோவில் ஓபிர் சாலையில் இருக்கிறது. அவனோடு அங்கே தமிழ்ப் பூசை காணுங்கள். பிறகு, "தம்பி, நீ வேலை செய்த இடங்களைக் காட்டு" என்று கேளுங்கள். எந்த வழிகாட்டியும் காட்டாத சிங்கப்பூரை அவன் காட்டுவான். "இந்தத் தளம் நான் கம்பி கட்டினது" என்று அவன் சொல்லும்போது உங்கள் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும். வீட்டில் அவன் பணம் அனுப்புகிற பெயராக மட்டும் இருந்தான்; அன்று அவர்களுக்குச் சித்தப்பாவாக ஆவான்.

ஆகவே பிரயாணம் போகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே. போகுமுன் அந்த ஊரை யார் கட்டினார்கள் என்று பிள்ளைகளோடு கொஞ்சம் படியுங்கள். ஓட்டலில் அறை பெருக்குகிறவளுக்கும், தட்டு எடுக்கிற முதியவருக்கும் ஒரு வணக்கமும் நன்றியும் சொல்லுங்கள். கேளாமல் யாரையும் படம் பிடியாதேயுங்கள். பிள்ளை கேள்வி கேட்டால் கையைப் பிடித்து இழுக்காமல் பதில் சொல்லுங்கள். திரும்பி வந்தபின் அக்கம்பக்கத்தார் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்பார்கள். எத்தனை மாடி, எத்தனை விளக்கு என்று சொல்லுங்கள், தவறில்லை. அதோடு, பெயர் சொல்லி நினைக்கத்தக்க இரண்டு மனிதரையாவது சொல்ல முடிகிறதா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.