விருந்தாளி கையில் கோல்

கண்டக்டர் என்றால் நமக்கு விசிலும் டிக்கெட்டும் தோள்பையும்தான் நினைவுக்கு வரும். 'நடத்துநர்' என்று தமிழாக்கினாலும் பேருந்துதான் வந்து நிற்கிறது. பாடகர் குழுவின் முன்னால் நின்று கையசைப்பவருக்கும் அதே பெயர். பொருத்தமில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. இருவருமே வண்டியை ஓட்டுவதில்லை. நூறு பேர் பாடும் மேடையில் ஒரு சத்தமும் எழுப்பாத ஆள் அவர். அவரும் அந்தக் குழுவைச் சேராதவராக, விழாவுக்கென்று வெளியூரிலிருந்து அழைக்கப்பட்டவராக இருந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. வாராவாரம் உட்கார்ந்து குரல்களைப் பழக்கியவர் வேறொருவர். வந்தவர் சில ஒத்திகை பார்க்கிறார், கோலை எடுக்கிறார், கைதட்டலை வாங்கிக்கொண்டு ரயிலேறுகிறார். கச்சேரி என்றால் இதில் வழக்கு ஒன்றுமில்லை. பாடப்படுவது ஜெபமாக இருந்தால்? இரக்கம் கேட்டு அந்தக் குரல்கள் எழும்போது கேட்பது யார்? விருந்தாளி நடத்தும் ஜெபம் யாருடைய ஜெபம்?

இதற்கு இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. குழு ஒரு கருவி, வந்தவர் அதை வாசிக்கிறார், ஆகவே பாட்டு அவருடையது என்பது ஒன்று. ஜெபம் வீட்டுக் காரியம், வெளியாள் வந்து நடத்தினால் அது கூலிக்கு மாரடிப்பதுதான் என்பது இன்னொன்று. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. உரசிப் பார்க்க 1900ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் நடந்ததைவிட நல்ல கல் கிடைக்காது. அந்நகரில் அப்போதெல்லாம் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெரிய இசைவிழா நடக்கும். உள்ளூர்க் குழு பல மாதம் பயிலும். விழாவன்று நடத்த ஹான்ஸ் ரிக்டர் வருவார். சாதாரண ஆள் அல்ல அவர். 1876இல் பைராய்ட்டில் வாக்னரின் நான்கு இரவு இசைநாடகத்தை முதன்முதலில் நடத்தியவர், 1885 முதல் பர்மிங்ஹாம் விழாவுக்கும் அவர்தான். அந்த ஆண்டு புதுப் படைப்பாக எட்வர்ட் எல்கரின் 'ஜெரான்டியஸின் கனவு' இருந்தது. சாகும் தறுவாயில் இருக்கும் ஒருவனின் ஆன்மா தீர்ப்பைக் கடந்து உத்தரிக்கிற ஸ்தலத்துக்குப் போவதைப் பற்றி கர்தினால் நியூமன் எழுதிய கவிதை. நியூமன் வாழ்ந்து மறைந்த ஊரும் பர்மிங்ஹாமே. எழுதியவர் கத்தோலிக்கர், இசையமைத்தவர் கத்தோலிக்கர். குழுவில் பெரும்பாலோர் அப்படியல்ல.

ஜூன் மாதத்தில் குழுவைப் பயிற்றுவிக்க வேண்டிய ஸ்வின்னர்டன் ஹீப் திடீரென்று இறந்துபோனார். ஓய்வில் இருந்த பழைய பயிற்சியாளர் ஸ்டாக்லியை மீண்டும் அழைத்தார்கள். இளவயதில் எல்கர் இவருடைய வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர். ஆனால் அந்தப் பையன் வளர்ந்து எழுதிய இந்தப் புதுப் பாணி கிழவருக்குப் பிடிபடவில்லை. அச்சுப் பிரதிகள் தாமதமாகத் துண்டு துண்டாக வந்தன. ரிக்டரின் கைக்கு முழு இசைச்சுவடி கிடைத்ததே வாத்தியங்களோடு முதல் ஒத்திகைக்கு முந்தின நாள்தான். கடைசி ஒத்திகையில் எல்கரே பொறுமையிழந்து குழுவைக் கடிந்துகொண்டார். அது காரியத்தை இன்னும் கெடுத்தது. அக்டோபர் 3ஆம் தேதி நகர மண்டபத்தில், வாத்தியங்கள் ஏறக்குறைய ஒதுங்கி நிற்கும் இடங்களில் குழுவின் சுருதி சரிந்தது; பிசாசுகளின் கூட்டுப் பாடல் பிடிமானம் இல்லாமல் அலைந்தது. உலகத்தின் முதல்தர நடத்துநர் முன்னால் நின்றும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இறைவனே கலைக்கு எதிரி என்று எல்கர் தம் நண்பருக்குக் கசந்து எழுதினார். பக்திப் படைப்பு ஒன்றை முடித்த கையோடு ஒருவர் எழுதிய வாக்கியம் அது. கசப்பு நியாயமானது, முகவரிதான் தப்பு. ஹீபின் இடம் காலியாக இருந்ததற்கு வானத்தைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் விடை இங்கே விழுந்துவிடுகிறது. குழு கருவியாக இருந்திருந்தால் வாசிக்கத் தெரிந்த ரிக்டர் வாசித்திருப்பார். பியானோ யார் தொட்டாலும் தன் சுருதியைத் தரும். குழு, தனக்குள் ஏற்கெனவே இறங்கியதை மட்டுமே தரும். இரண்டாவது விடைக்காரர் இப்போது உற்சாகமாகக் கையை உயர்த்துவார்: 'பார்த்தீர்களா, நம்பாத நாவில் கத்தோலிக்க ஜெபம் ஒட்டவில்லை.' அன்றைக்கே அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் டூசல்டார்ஃபில் யூலியஸ் பூத்ஸ் தாமே மொழிபெயர்த்து நடத்தியபோது அதே படைப்பு வென்றது. அது கத்தோலிக்கர் நிறைந்த ரைன் பிரதேசம் என்பதையும் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டலாம். 1902இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் வூஸ்டர் பேராலயத்தில் மாதாவையும் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் தொடும் சொற்களை வெட்டிய பிறகே இதைப் பாட முடிந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நான் ஹான்லிக்குப் போகச் சொல்வேன். மட்பாண்டச் சூளைகளும் நிலக்கரிச் சுரங்கங்களும் சூழ்ந்த ஸ்டாஃபோர்ட்ஷயர் ஊர். மெதடிஸ்ட் கோயில்கள் தெருவுக்குத் தெரு நின்ற பகுதி. அங்கே சுரங்கத் தொழிலாளியாக இருந்து இசைக்கு வந்த ஜேம்ஸ் வீவல் ஒரு குழுவை உருவாக்கியிருந்தார். 1903 மார்ச்சில் அந்தக் குழு ஜெரான்டியஸைப் பாடியது. விருந்தாளியாக வந்து நடத்தியவர் எல்கர். மனம் நிறைந்துபோன அவர், ஜூனில் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராலயத்தில் அதன் முதல் லண்டன் நிகழ்ச்சிக்கு இந்தக் குழுவையே வரவழைத்தார். மட்பாண்ட ஊர்க்காரர்களின் மெதடிஸ்ட் தொண்டைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பாடுவதில் திணறவில்லை. பர்மிங்ஹாமில் இல்லாமற்போனது விசுவாசம் அல்ல, வீவல்.

ஆனால் கேள்வி தீரவில்லை, கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நன்றாகப் பாடுவது வேறு, ஜெபிப்பது வேறு. நடத்துபவர் அந்த ஜெபத்தை நம்பாதவராக இருந்தால் அழகு மிஞ்சும், ஜெபம் போய்விடும் என்பார்கள். திருச்சபைக்கு இது பழைய வழக்கு. நான்காம் நூற்றாண்டில் வடஆப்பிரிக்காவில், துன்புறுத்தலுக்கு அஞ்சி வேதநூல்களை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்ட குருக்கள் அளிக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்றார்கள் தொனாத்தியர்கள். கறைபட்ட கை எப்படிக் கழுவும் என்பது அவர்கள் வாதம். அகுஸ்தினார் கி.பி. 400ஐ ஒட்டி அதற்குச் சொன்ன பதிலின் சாரம்: ஞானஸ்நானம் கொடுப்பவரின் சொத்து அல்ல, கிறிஸ்துவின் சொத்து, கொடுக்கிற கை அதைக் கெடுக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. இந்த வாதத்தைப் பாடகர் குழுவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரலாம் என்று தோன்றும். வரக் கூடாது. ஞானஸ்நானத்தில் தண்ணீர் ஊற்றுபவருக்குத் திறமை தேவையில்லை; பாட்டில் எல்லாமே திறமையின் மீதும் உழைப்பின் மீதும் நிற்கிறது என்று சற்று முன்புதான் பார்த்தோம். அகுஸ்தினாரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: முன்னால் நிற்பவர் உடைமையாளர் அல்ல. ஒரு சத்தமும் எழுப்பாதவரின் நம்பிக்கையோ நம்பிக்கையின்மையோ எந்த வழியாகப் பாட்டுக்குள் நுழையும்? அவர் குழுவின் மூச்சைக் கடன் வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஜெபம் மூச்சுள்ளவர்களுடையது. நூறு பேரில் யார் ஜெபித்தார்கள், யார் சுரத்தை மட்டும் எண்ணினார்கள் என்பதை வேண்டுமானால் அவரவரிடம் கேட்கலாம். முன்னால் நிற்பவரிடம் கேட்பதில் பயனில்லை.

அப்படியானால் விருந்தாளி எதற்கு? பயிற்றுவித்தவரே நடத்திவிட்டுப் போகலாமே? கடினமான ஆட்சேபம் இதுதான். இதற்குப் பதில் சொல்ல, ஒரு பாட்டு தொடங்கும் கணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கோல் கீழே இறங்கும்போதுதான் பாட்டு தொடங்குகிறது என்று கீழே உட்கார்ந்திருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் கோல் மேலே ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் நடத்துநர் வாய் திறந்து மூச்சை இழுக்கிறார், குழு அவரோடு சேர்ந்து இழுக்கிறது. உள்ளே போகும் மூச்சு எப்படியோ அப்படித்தான் வெளியே வரும் பாட்டும். பதறி இழுத்தால் முரட்டுத் தொடக்கம், நிதானமாக இழுத்தால் கனிந்த தொடக்கம். ஊர்க்காரர் முன்னால் நிற்கும்போது குழு இதைப் பார்ப்பதே இல்லை. அவர் கை எங்கே போகும் என்று தெரியும், எந்த இடத்தில் என்ன சொல்லித் திட்டுவார் என்றுகூடத் தெரியும். கண் புத்தகத்தில் இருக்கும், காது பக்கத்தில் நிற்கும் ஆல்ட்டோவிடம் இருக்கும். வாத்தியத் துணையில்லாமல் பாடும்போது சுருதி இறங்கும் கதையும் இதுதான். எல்லோரும் சேர்ந்தே இறங்குவதால் இறங்குவது யாருக்கும் தெரிவதில்லை. கடைசியில் ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தும்போதுதான் எவ்வளவு தூரம் கீழே வந்துவிட்டோம் என்று தெரியும். தினம் கேட்கிற பயிற்சியாளரின் காதும் குழுவோடு சேர்ந்தே இறங்கியிருக்கும். விருந்தாளி வந்ததும் முதலில் மாறுவது குழுவின் கண். தெரியாத கை ஆதலால் பார்த்தாக வேண்டியிருக்கிறது. பழந்தமிழில் விருந்து என்றாலே புதுமை. புதிதாக வந்தவருக்கும் அவருக்குப் போட்ட சோற்றுக்கும் அந்தப் பெயர் ஆனது அப்புறம்தான். அவர் தருவது அந்தப் புதுமை. ஜெபத்தைப் பொறுத்தவரை அது சின்ன உதவி அல்ல. நாள்தோறும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வார்த்தைகள்தான் ஜெபத்தின் பெரிய நோய்.

இந்த உதவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பெர்லின் சாட்சி. கார்ல் ஃப்ரீட்ரிக் செல்ட்டர் என்ற கொத்தனார், ஆம், தொழிலால் கொத்தனார், 1800 முதல் அந்நகரின் ஸிங்-அகாடமி என்ற பாடகர் குழுவை நடத்திவந்தார். 1750இல் மறைந்த இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளைப் பெரும்பாலோர் சீந்தாத காலத்தில் தம் குழுவுக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்தவர் அவர்; 'மத்தேயு பாடுகள்' என்ற பெரும்படைப்பின் பகுதிகளைக்கூடப் பயில வைத்திருந்தார். (கிறிஸ்துவின் துன்பங்களைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பாடுகள் என்கிறார்கள், பட்டதும் பாடியதும் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்ட அழகு வேறு மொழிக்காரர்களுக்குக் கிடைக்காது.) ஆனால் அதைப் பொது மேடையில் ஏற்ற முடியும் என்று செல்ட்டர் நம்பவில்லை. அவருடைய மாணவர் ஃபெலிக்ஸ் மெண்டல்சனும் பாடகர் எட்வர்ட் டெவ்ரியென்ட்டும் போய் வாதாடித்தான் அனுமதி வாங்கினார்கள். 1829 மார்ச் 11ஆம் தேதி, பாக் இறந்த பிறகு முதன்முறையாக, அது மேடையேறியது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட குரல்கள். நடத்தியவருக்கு வயது 20. மெண்டல்சன் சிறுவயதிலேயே அக்குழுவில் சேர்ந்து பாடியவர், எப்படி விருந்தாளி ஆவார் என்று கேட்கலாம். அவர் அங்கே எந்தப் பதவியும் வகிக்கவில்லை. செல்ட்டர் இறந்த பின் 1833 ஜனவரியில் வாக்கெடுத்தபோது அதே குழு அவரை விட்டுவிட்டு, செல்ட்டருக்குத் துணையாகப் பணியாற்றிய ருங்கன்ஹாகனைத்தான் தேர்ந்தெடுத்தது. வீட்டுக்காரராக அவரை அவர்கள் ஏற்கவில்லை. அந்த மார்ச் மாதத்தில் அவர் செய்ததைக் கவனித்தால், கொத்தனார் ஒவ்வொரு கல்லாகக் கட்டிவைத்திருந்த வீட்டின் கதவைத் திறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வீடு இல்லாத இடத்தில் கதவைத் திறக்கப் போனவர் கதை ரிக்டருடையது.

மிச்சமிருப்பது ஒரு பயம். அது நியாயமான பயம். பாடப்படும் பொருளைவிடப் பாட்டின் இனிமை தம்மை அதிகம் அசைத்துவிடுவதைத் தம் 'அறிக்கைகள்' நூலில் பாவமாகவே எண்ணிக் கலங்கினார் அகுஸ்தினார். பேர்பெற்ற விருந்தாளி வந்தால் இன்னும் ஒரு படி கீழே போகிறோம். பாட்டின் இனிமையைக்கூட விட்டுவிட்டு அவர் முடி பறப்பதைப் பார்க்கிறோம். விளம்பரத்தில் அவர் பெயர் பெரிதாகவும் குழுவின் பெயர் சிறிதாகவும் இருக்கும். பயிற்சியாளரின் பெயர் இருக்காது. இது ரசனைக் குறைவு மட்டும் அல்ல, பொய். கடன் வாங்கியவரை உடைமையாளர் என்று அச்சடிப்பது. கோயிலிலோ மண்டபத்திலோ விருந்தாளியை அழைப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம்: பயிற்றுவித்தவரின் பெயரை அதே எழுத்தளவில் போடலாம். விருந்தாளிகளிலும் தரம் உண்டு. டெவ்ரியென்ட் எழுதிவைத்திருக்கிறார்: பாட்டு தன் வழியில் சரியாகப் போகத் தொடங்கியதும் மெண்டல்சன் கோலைத் தாழ்த்திவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டு நிற்பாராம். தேவைப்படும்போது மட்டும் மறுபடி கை உயரும். நடத்துவதற்கென்று வந்தவர் நடத்தாமல் நின்ற அந்த நிமிஷங்களில் பாடியது யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்க முடியாது.

மார்ச் 21ஆம் தேதி, பாக்கின் பிறந்தநாளில், மெண்டல்சன் அதை இரண்டாம் முறை நடத்தினார். அடுத்த மாதம் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். பெரிய வெள்ளியன்று மூன்றாம் முறை பாடினார்கள். நடத்தியவர் செல்ட்டர்.