திரும்பப் பெற முடியாத மரம்

திற்பரப்புக்குப் போகிறவர்கள் அருவியில் நனைந்து, மகாதேவரைக் கும்பிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நானும் அந்த ஜாதிதான். இந்த முறை கூடவே நண்பரின் மகன் வந்திருந்தான். சென்னையில் செல்போன் ஆப் தயாரிக்கும் கம்பெனியில் வேலை.

“எல்லாம் சரியாகட்டும்னு காத்திருந்தா போட்டிக்காரன் முந்திடுவான் அங்கிள். முதல்ல இறக்கிடணும். தப்பை அடுத்த அப்டேட்ல சரி பண்ணிக்கலாம்” என்றான்.

நியாயம்தான். ஆனால், சொன்ன இடம் சரியில்லை. எதிரே வரிசையாக ரப்பர் மரங்கள்.

ரப்பர் கன்றை நட்டால் பால் வெட்டவே ஏழு வருஷம் ஆகும். ரகம் மோசம் என்பது அப்போதுதான் தெரியும். வெட்டிவிட்டு வேறு நட்டால் இன்னும் ஏழு. பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த வருஷம் நட்டவர், அவன் காலேஜ் முடிக்கும்போதுதான் உருப்படியாகப் பால் பார்ப்பார். இதில் அப்டேட்டுக்கு எங்கே போவது?

கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் புகழ்பெற்ற ரகம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105. அதற்கான ஒட்டுச் சேர்க்கை 1950-களின் நடுவில் நடந்தது. விவசாயிகளுக்கு வெளியிட்டது 1980-ல். கால் நூற்றாண்டு! அடுத்து வந்த 414, 430 ரகங்களும் 1982-ல் தொடங்கி 2005-ல்தான் வெளியாயின. 105 பாலைக் கொட்டியது. கேரளம், குமரி என்று எங்கு பார்த்தாலும் அதுதான்.

‘நிதானமே நல்லது’ என்று முடித்துவிடலாமா? மனசு கேட்கவில்லை. 1970-ல் பழைய ரகத்தை நட்டவர் 2000 வரை குறைந்த பாலோடு காலம் தள்ளினாரே! விஞ்ஞானியின் நிதானத்துக்கு வாடகை கொடுத்தது அவர்தான்.

இவ்வளவு காத்திருந்தும் 105-க்கு ஒரு குறை உண்டு. அடிக்கடி வெட்டினால் பல மரங்களில் பட்டை மரத்துப் பால் நின்றுபோகும். மூன்று நாளைக்கு ஒருமுறை வெட்டுங்கள் என்று நிபுணர்களே சொல்ல வேண்டிவந்தது. தோட்டத்தில் சிரட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கேட்டேன்.

“நாளும் வெட்டினா நாலு காசு கூடக் கிட்டும் சாரே. பின்ன மரம் இருக்காது. கத்தி கொஞ்சம் ஆழமாப் போனாலும் போச்சு, அந்த இடத்துல பட்டை நேரே வளராது” என்றார்.

2016 ஆகஸ்டில் சாம்சங் இறக்கிய நோட் 7 போனின் பேட்டரி தீப்பிடித்தது. அக்டோபருக்குள் தயாரிப்பையே நிறுத்தினார்கள். பெருத்த நஷ்டம். ஆனாலும், விற்ற போன்களைத் திரும்ப வாங்க முடிந்தது. விற்ற கன்றை எப்படி வாங்குவது? மண்ணோடு போன ஏழு வருஷத்தை யார் தருவார்கள்? அவசரமா, தரமா என்று வாதாடும் நாம், தப்பு நடந்தால் அதைச் சுமக்கப்போவது யார் என்று முதலில் கேட்பதில்லை.

“அப்ப எவ்வளவு டெஸ்ட் பண்ணினா போதும் அங்கிள்?” என்றான் பையன்.

எனக்குத் தெரியவில்லை. “உங்க ஆப் எதுக்குப்பா?” என்றேன்.

“சுகர் பேஷன்ட்ஸுக்கு. ரீடிங்கைப் போட்டா எவ்வளவு இன்சுலின் போடணும்னு சொல்லும்.”

சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தான். அடுத்த மாதம் வெளியிடுகிறார்களாம்.