காது சிவக்க வைத்த கல்

1846, ஜப்பான். 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் மூத்த வல்லுநர் கென்னான் இன்செகிக்கு எதிரே ஆடிய 17 வயது ஷூசாகு பின்தங்கியிருந்தார். 361 புள்ளிகள் கொண்ட பலகையில் கண்கள் சண்டை நடக்கும் மூலைக்கே ஓடும். அவரோ 127ஆவது கல்லை நடுப்பகுதியில் வைத்தார். அது எதையும் பிடிக்கவில்லை. ஆனால் கீழே தவித்த தன் கற்களுக்குக் கைகொடுத்தது, மேலே தன் செல்வாக்கை விரித்தது, இடப்புறத்தில் வெள்ளைக் கற்களை ஆடிய இன்செகியின் கனவை அரித்தது. ஒரே கல்! அதைக் கண்ட கலக்கத்தில் இன்செகியின் காதுகள் சிவந்ததைக் கவனித்தவர் ஒரு மருத்துவராம் (ஆட்டம் தெரிந்தவர்கள் பலகையை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்). ஷூசாகு வென்றார். அந்த ஆட்டப் பதிவு இன்றும் கிடைக்கிறது. 126ஆவது கல்லோடு நிறுத்திவிட்டு, நீங்கள் எங்கே வைப்பீர்கள் என்று பாருங்கள்.