ஆயிரம் முடிச்சுகளுக்கு உரியவர் யார்?

ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள வெள்ளைத் துணிப்பட்டை. அதில் சிவப்பு நூலால் வரிசை வரிசையாக ஆயிரம் முடிச்சுகள். ஜப்பானில் இதற்கு 'சென்னின்பாரி' என்று பெயர். ஆயிரம் பேர் போட்ட தையல் என்று பொருள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், படைக்கு அழைக்கப்பட்டவனின் தாயோ மனைவியோ தங்கையோ ரயில் நிலைய வாசலில், கடைத்தெருவில் நின்று, போகிற வருகிற பெண்களிடம் ஆளுக்கொரு முடிச்சு கேட்டு வாங்குவாள். புலி ஆண்டில் பிறந்தவள் மட்டும் தன் வயது எத்தனையோ அத்தனை முடிச்சுகள் போடலாம். புலி எவ்வளவு தூரம் போனாலும் திரும்பி வந்துவிடும் என்பது நம்பிக்கை.

அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போன பலர் திரும்பவில்லை. எதிரணி வீரர்கள் இறந்த உடல்களிலிருந்து இந்தப் பட்டைகளையும், உறவினரும் ஊராரும் கையெழுத்திட்ட கொடிகளையும் போர் நினைவாக எடுத்துச் சென்றார்கள். இன்று அவர்களின் பிள்ளைகள் பழைய பெட்டியைத் திறந்து பார்த்து, உரியவரிடம் சேர்க்க விரும்புகிறார்கள். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அஸ்டோரியா நகரிலுள்ள ஓபோன் சொசைட்டி இதையே பணியாகச் செய்கிறது. கொடியில் எழுதியிருக்கும் பெயர்கள், கோயில் முத்திரை, ஒரு வட்டாரத்தில் மட்டும் வழங்கும் குடும்பப் பெயர் ஆகியவற்றை வைத்துத் தேடுகிறார்கள்.

இது வீண் வேலை அல்ல. அந்தப் போரில் நாட்டுக்கு வெளியே இறந்த ஜப்பானியர் சுமார் 24 லட்சம் பேர். அவர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் இன்னும் ஊர் திரும்பவில்லை. பல வீடுகளுக்கு வந்த பெட்டியில் எலும்புக்குப் பதில் ஒரு கல்லோ பெயர் எழுதிய சீட்டோதான் இருந்தது. அத்தகைய வீட்டுக்கு ஒரு துணி வந்து சேர்வதை யார் குறை சொல்ல முடியும்?

என் கேள்வி வேறு. 'உரியவர்' என்று யாரைச் சொல்கிறோம்?

கொடியில் பெயர் உண்டு. முடிச்சுக்குப் பெயர் இல்லை. பட்டை யாருடையது என்று தெரிந்தாலும் தேடல் குடும்பப் பெயரின் வழியேதான் போகிறது. 1898-ஆம் ஆண்டின் குடிமைச் சட்டப்படி, திருமணமான பெண் கணவன் வீட்டுப் பதிவேட்டுக்கு மாற வேண்டும். போருக்குப் பின் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும் என்ற விதி நீடித்தது. தன் பெயரை விடுபவர் பெரும்பாலும் பெண்ணே. பதினெட்டு வயதில் வெயிலில் நின்று முடிச்சு கேட்ட தங்கை, பின்னாளில் வேறு பெயரில், வேறு ஊரில் இருப்பாள். பதிவேடுகளைத் தொடர்ந்து போனால் அவளையும் எட்டலாம். ஆனால் பழைய பெயரைச் சொல்லி ஊரில் விசாரிப்பவருக்கு முதலில் கிடைப்பது ஆண்வழி வாரிசுதான். யார் வாரிசு என்று கேட்கிறோம். யார் செய்தது என்று கேட்பதில்லை.

அப்படியானால் அது பெண்களின் சொத்து என்று அறிவித்துவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. 1932-இல் ஒசாகாவில் தொடங்கிய தேசியப் பாதுகாப்பு மகளிர் சங்கத்தார், வெள்ளைச் சமையல் அங்கி அணிந்து வீரர்களை வழியனுப்பினார்கள். முடிச்சு சேகரிக்கவும் உதவினார்கள். அவன் திரும்பி வர வேண்டும் என்று போட்ட அதே முடிச்சு, அவனை அனுப்பி வைக்கவும் பயன்பட்டது. அதைக் கட்டிக்கொண்டு போனவன் சீனாவில் எந்தப் பெண்ணின் வீட்டுக்குள் நுழைந்தான் என்பதைத் துணி சொல்லாது. உரிமை கோருகிறவர் இதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்.

துணி சொல்லாததைத் தாள் சொல்லியிருக்கும். ஆனால் 1945 ஆகஸ்டில் சரணடைந்தபோது ஜப்பானிய ராணுவமும் அமைச்சகங்களும் கட்டுக்கட்டாக ஆவணங்களை எரித்தன. 1991 ஆகஸ்ட் 14 அன்று கொரியாவைச் சேர்ந்த கிம் ஹாக்-சுன், தான் ராணுவத்தின் பாலியல் அடிமையாக வைக்கப்பட்டதைத் தன் பெயரோடு வெளியே சொன்னார். அடுத்த ஜனவரியில் வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாக்கி, அந்த விடுதிகளில் ராணுவத்துக்கு இருந்த பங்கைக் காட்டும் தாள்களை அரசின் பாதுகாப்பு நூலகத்திலிருந்தே எடுத்து வெளியிட்டார். அந்தத் தாள்களில் இருக்கும் முத்திரை ராணுவத்தினுடையது. ஆனால் அவை யாருக்கு உரியவை? யாருடைய வாழ்க்கையைப் பற்றியவையோ அவர்களுக்கே என்பேன். அவர்கள் பெயர் அதில் இல்லாவிட்டாலும்.

உரிமை என்பதைப் பெயராலும் ரத்தத்தாலும் மட்டும் அளந்தால், போரில் பெண்கள் செய்ததும் பெண்களுக்குச் செய்யப்பட்டதும் ஒருசேர மறைந்துபோகும். துணியை அண்ணன் பேரனிடமே கொடுங்கள். அவர் அதைப் பேணட்டும். கொடுக்கும்போது, முடிச்சு கேட்டுத் தெருவில் நின்றவள் யார் என்று அவரிடம் கேளுங்கள். அவர் தாத்தாவின் அண்ணனோ தம்பியோ எந்த ஊர்களில் இதைக் கட்டியிருந்தார் என்றும் கேளுங்கள். வாரிசு கிடைக்காமல் அருங்காட்சியகத்துக்குப் போகும் பட்டையில், 'உரிமையாளர் தெரியவில்லை' என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: 'தைத்தவர்கள் ஆயிரம் பெண்கள்.'