ஒட்டிக்கொடுத்த வசனங்கள்

இங்கே நோர்வேயில் மொழிபெயர்ப்பாளனுக்கு முதலில் சொல்லித்தரும் விதி: கூட்டாதே, குறைக்காதே. நான் அதைக் காப்பாற்றி வருவதாகத்தான் நம்பியிருந்தேன். (சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஆஸ்பத்திரியொன்றின் மனநோய்ப் பிரிவு. நாற்பது வயதளவில் எங்கட பெண்மணி ஒருவர், தனியாள். 2009 வரை வன்னிக்குள் இருந்தவர். குளிசை போட்டாரா என்று வைத்தியர் கேட்டார். "குளிசையை யன்னல் சாப்பிட்டிட்டுது தம்பி" என்றார் அவர். நான் "போடவில்லையாம்" என்று சொன்னேன். எங்கட ஆளை அவர்களுக்கு முன்னால் விசரியாகக் காட்டக்கூடாது என்றொரு ரோசம். அரை மணித்தியாலம் இப்படியே உடைந்த வசனங்களை ஒட்டிக் கொடுத்தேன். யுத்தத்தின் மனக்காயம் என்று வைத்தியர் எழுதிக்கொண்டார்.

சில நாட்களில் வலிப்பு வந்தது. நரம்பியல் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்த வைத்தியர் என்னிடமே கேட்டார்: "இவருடைய தமிழ் சரியான தமிழா?" வாயடைத்துப் போனேன். பிறகு ஒப்புக்கொண்டேன். "முன்னர் எப்படி இருந்தவர்?" என்பது அடுத்த கேள்வி. அதைச் சொல்ல இந்த ஊரில் ஒருவரும் இல்லை. கிளிநொச்சியிலிருந்த தங்கையைத் தொலைபேசியில் பிடித்தோம். "மூண்டு கிழமைக்கு முந்தி என்ரை பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவ" என்று அழுதார். பழைய துயரம் மூன்று கிழமைக்குள் ஒருவரின் கணக்கையும் இலக்கணத்தையும் பறித்துவிடாது. வேறேதோ நடந்திருந்தது.

தைரொயிட் சுரப்பியைத் தாக்கும் பிறபொருளெதிரிகள் இரத்தத்தில் மிக அதிகமாக இருந்தன. ஹஷிமோட்டோ மூளை நோய் என்றார்கள். ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தது கழுத்துச் சுரப்பியின் நோயைத்தான். அதை மூளையோடு சேர்த்துப் பேசியது 1966இல், பிரெயின் என்ற பெயரே கொண்ட ஆங்கில நரம்பியலாளரும் அவருடைய சகாக்களும். ஆனால் அந்தப் பிறபொருளெதிரிகள் சுகமாயிருப்பவர்களிலும் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உண்டு. அவைதான் மூளையைக் கெடுக்கின்றன என்று இன்றுவரை நிரூபணமில்லை. ஆகவே தொற்று, புற்றுநோய், 2007இல் கண்டறியப்பட்ட என்.எம்.டி.ஏ. வகைப் பிறபொருளெதிரி என்று ஒவ்வொன்றாக முண்ணாண் நீரிலும் படங்களிலும் தேடி விலக்கியபின்தான் இந்தப் பெயர். ஸ்ரெரொயிட் கொடுத்துப் பார்ப்பார்கள். அதிலும் எல்லோரும் தேறுவதில்லை. 2020இல் வந்த ஓர் ஆய்வில், ஸ்ரெரொயிட் கொடுக்கப்பட்டவர்களில் மூன்றிலொரு பங்கினரே முழுமையாகத் தேறியிருந்தனர். சரியாகத் தெரியாது என்பதை ஒத்துக்கொண்டு வைத்தியம் செய்வதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. என்னிடம் அது இருக்கவில்லை.

மரியாதை என்று நினைத்து நான் செய்தது என்ன? அந்த உடைந்த வசனம்தான் அவருடைய சாட்சியம். மூளை தனக்கு நேர்ந்ததைச் சொல்ல அவருக்கு வேறு மொழி இருக்கவில்லை. அதையும் நான் செப்பனிட்டேன். வைத்தியரும் தன் பங்குக்கு யுத்தத்தைப் போட்டு நிரவினார். அகதி என்றால் காயம் மனதில்தான் என்பது இரக்கமுள்ள முடிவுதான். இரக்கமுள்ளதாக இருந்ததால்தான் மேற்கொண்டு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

அவர் தேறியவர்களில் ஒருவர். ஊசியில் ஐந்து நாள், பிறகு மாதக்கணக்கில் குறைத்துக் குறைத்துக் குளிசை. கோடையில் பேருந்துத் தரிப்பில் கண்டேன். முகம் ஊதியிருந்தது, கதை தெளிவு. அந்த நாட்கள் எதுவும் ஞாபகமில்லையாம்.

"அப்ப நான் என்ன தம்பி சொன்னனான்?"

யன்னல் குளிசை சாப்பிட்டதைச் சொன்னேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டு, "நீங்கள் அவைக்கு என்னெண்டு சொன்னனீங்கள்?" என்று கேட்டார்.