மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்குக் கதவு எதற்கு?



கைத்தொலைபேசியின் வழியாக நம்மைப் பற்றிய விவரங்கள் எங்கெங்கோ போய்ச் சேர்கின்றன என்று பேச்செடுத்தால், அநேகர் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "என்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நான் கள்ளனா, கடத்தல்காரனா? பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போகட்டும்!" இப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நேர்மையான மனிதர்கள். ஆகவே அவர்களுடைய பதிலைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவனுக்கு அந்தரங்கம் தேவைதானா? இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

சேலைத் திரையின் பொருள்

கலஹாவைச் சுற்றியுள்ள தோட்டங்களின் லயங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே காம்பராவில் பெற்றோர், பிள்ளைகள், சில வேளை மணமான மகனும் மருமகளும். பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே கேட்கும். அப்படிப்பட்ட வீட்டிலும் ஒரு பழைய சேலையைக் கயிற்றில் கட்டித் திரையாகத் தொங்கவிடுகிறார்கள். அந்தச் சேலைக்குப் பின்னால் குற்றம் எதுவும் நடப்பதில்லை. ஒரு பெண் உடை மாற்றுகிறாள். கணவனும் மனைவியும் தங்கள் கடனைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். ஒரு தாய் யாரும் காணாமல் அழுகிறாள். வெட்கப்பட வேண்டியவை அல்ல இவை. ஆனால் ஊருக்கு உரியவையும் அல்ல.

எனவே, குற்றத்தை மறைப்பது வேறு, தனக்கு உரியதைக் காப்பது வேறு. தன்னைப் பற்றி யாரிடம், எதை, எப்பொழுது சொல்வது என்பதைத் தானே தீர்மானிக்கிறவன்தான் தனக்குச் சொந்தமானவனாக வாழ்கிறான். நட்பும் அன்பும் இதன்மேல்தான் நிற்கின்றன. பிறரிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்வதால்தானே ஒருவர் உங்கள் நண்பர் ஆகிறார்? எல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிட்டால், நம்பிச் சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. மேலும், எந்நேரமும் கண்காணிக்கப்படுகிற மனிதன் மனச்சான்றுக்காக வாழ்வதை விட்டு, பார்க்கிறவர்களுக்காக வாழத் தொடங்குகிறான். அவனுடைய நன்மைகூட நடிப்பாகிவிடும் ஆபத்து உண்டு.

துண்டு கற்பித்த பாடம்

ஒருவரைப் பற்றிய விவரம் இன்னொருவர் கையில் இருப்பது எத்தகைய அதிகாரம் என்பதை மலையகத்தாருக்கு வெளியாள் சொல்லித்தர வேண்டியதில்லை. கலஹாவுக்கு அப்பால் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்குப் பின் தோட்டங்கள் பெருகின, ஆட்கள் வந்தார்கள், ஆட்களைப் பற்றிய கணக்குகளும் பெருகின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில், தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லை தொங்கியது. அவனுக்குப் பெயர் இருந்தது. வழியில் அவனை அடையாளம் காட்டியதோ எண்.

'துண்டு' முறை அதைவிடக் கொடியது. தொழிலாளர் பெயரில் இருந்த கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதத் துண்டு அது. அதை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டத்துக்குப் போவார்; அங்குள்ளவர் கடனைக் கட்டி ஆட்களைப் பெறுவார். பெரும்பாலும் எழுத்தறியாத அத்தொழிலாளிக்குத் தன் பெயரில் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும் வழியில்லை, பிழையென்றால் திருத்தவும் வழியில்லை. 1921இல் சட்டம் இம்முறையை ஒழித்தது. அதற்குப் பின்னரும் நெடுங்காலம் லயத்துக்குத் தனி முகவரி இருக்கவில்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டபோது, பிறப்புப் பதிவு இல்லாத குடும்பங்கள் நாடற்றவர்களாயின. ஆகவே பதிவேடே தீமை என்று சொல்லிவிட முடியாது. பதிவு இல்லாமையாலும் நம் மக்கள் துன்புற்றார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. என்னைப் பற்றிய ஏடு யாரிடம் இருக்கிறது? எதற்காக? அதை நான் பார்க்கலாமா? பிழையைத் திருத்தலாமா?

சட்டைப்பையில் ஒரு கணக்கப்பிள்ளை

இன்று அந்த ஏடு நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அதை எழுதுகிறவரை மட்டும் நாம் காண்பதில்லை. கைத்தொலைபேசி எந்தக் கோபுரத்தோடு தொடர்பில் இருக்கிறதோ, அதைக்கொண்டு நாம் நிற்கும் இடத்தை ஏறக்குறைய அறியலாம். நாம் தேடிய மருந்து, பார்த்த படம், விழித்திருந்த நேரம் யாவும் பதியப்படக்கூடியவை. 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகளை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புகிறார்கள் என்பது உண்மை. ஆயினும் யார், யாருடன், எப்பொழுது தொடர்புகொண்டார் என்பது அந்தப் பூட்டுக்கு வெளியே நிற்கிறது. இலவசம் என்று நாம் பெறும் பல சேவைகளுக்கு விலை இந்த விவரங்கள்தாம். அவற்றைக்கொண்டே நமக்கு எந்த விளம்பரத்தைக் காட்டுவது என்று கணிக்கிறார்கள்.

"என்னுடையதுதானே, நான் கொடுக்கிறேன்" என்பவர்களுக்கு 2018இல் வெளிச்சத்துக்கு வந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரம் ஒரு பாடம். பேஸ்புக்கில் ஒரு குணநலச் சோதனையில் சேர்ந்தவர்கள் சுமார் 3 இலட்சம் பேர். ஆனால் அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து போனதால், 8 கோடியே 70 இலட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்நிறுவனமே கூறியது. இந்தியாவில் உடனடிக் கடன் தரும் சில செயலிகள், கடன் பெற்றவரின் தொலைபேசியிலுள்ள எண்களை எடுத்து, உறவினருக்கும் நண்பருக்கும் அழைத்து அவமானப்படுத்திய கொடுமை நடந்தது. அதன்பின் 2022இல் ரிசர்வ் வங்கி, இத்தகைய செயலிகள் தொடர்பு எண்களையும் கோப்புகளையும் தொடக்கூடாதென்று விதித்தது. ஆம், நம் தொலைபேசியில் இருப்பது நம்முடைய அந்தரங்கம் மட்டுமன்று. நம்மை நம்பித் தங்கள் எண்ணையும் படத்தையும் தந்தவர்களின் அந்தரங்கமும் அதில் இருக்கிறது. அதை அள்ளிக் கொடுக்க நமக்கு உரிமை உண்டா?

வீசி எறிவது விடையாகுமா?

அப்படியானால் இக்கருவியை வீசி எறிவதா? மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாய், இரவில் பிள்ளையின் முகத்தைக் கண்டு பேசுவது இதன் வழியாகத்தான். வேலை விண்ணப்பமும் பரீட்சைப் பெறுபேறும் இதில்தான் வருகின்றன. பணமுள்ளவர் விலகி நிற்கலாம். ஏழைக்கு அந்த வசதி இல்லை. எனவேதான் "விருப்பமில்லையென்றால் பாவிக்காதே" என்பது நியாயமான பதில் அன்று. வேறு வழியில்லாதவன் 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துவது, வாசிக்கத் தெரியாதவன் பெருவிரல் ரேகை வைத்ததற்கு எவ்வளவு தூரம் வேறுபட்டது?

ஆகவே சட்டம் வேண்டும். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 12ஆம் உறுப்புரை, ஒருவரின் அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் கடிதத் தொடர்பிலும் தன்னிச்சையாகத் தலையிடலாகாது என்கிறது. இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அது தனியொரு உரிமையாக எழுதப்படவில்லை. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பும் 220ஆம் விதியில், ஒருவரின் நற்பெயரைக் கெடுப்பதோடு அவருடைய அந்தரங்கத்தை மீறுவதையும் சேர்த்தே தடைசெய்கிறது.

நாமும் ஒற்றர்களா?

ஆனால் பெரிய நிறுவனங்களை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் தப்பிக்கொள்ளலாகாது. ரீலோட் செய்யப் போகும் இளம்பெண் கடையில் எல்லாரும் கேட்கத் தன் எண்ணைச் சொல்கிறாள். அது ஒரு கொப்பியில் எழுதப்பட்டு அங்கேயே கிடக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு இரவில் அவளை அழைக்கிறவன் தொலை தேசத்துக் கம்பனிக்காரன் அல்லன், நம்மூர்ப் பிள்ளைதான். சாவு வீட்டில் அழுகிறவர்களைப் படமெடுத்து அனுப்புகிறவர் யார்? லயத்தில் நடந்த சண்டையைப் பதிவுசெய்து ஊரெல்லாம் பரப்புகிறவர் யார்? மகளின் படத்தையும் பாடசாலையின் பெயரையும் சேர்த்துப் போடுகிற தகப்பன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா?

பெற்றோரே, பிள்ளையின் தொலைபேசியைக் கவனிப்பது உங்கள் கடமை. ஆனால் அதைக் களவாகப் பார்க்காதீர்கள். பார்ப்பீர்கள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு செயலி தொடர்பு எண்களைக் கேட்டால், அதன் வேலைக்கு அவை ஏன் வேண்டும் என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். வங்கி அட்டையின் இரகசிய எண்ணை உதவிக்கு வருகிறவரிடம்கூடக் கொடுக்காதீர்கள். தொலைபேசிக் கடைக்காரரே, அந்தக் கொப்பியை மூடி வையுங்கள். இளைஞரே, பிறரைப் பற்றிய ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அனுப்புமுன் அவர் எதிரில் நின்றால் அனுப்புவீர்களா என்று உங்களையே கேளுங்கள்.

தன் கதவைச் சாத்திக்கொள்ளத் தெரிந்தால் மட்டும் போதாது. அயலவனின் சேலைத் திரையை விலக்கிப் பார்க்காதிருப்பதும் நம் கடமை. அவனைப் பற்றி நமக்குத் தெரிந்ததை அவன் நம்மிடம் ஒப்படைத்த பொருளாக எண்ணிக் காப்போமாக.