துயரம் நிகழ்ந்த இடத்தில் சிரிக்கலாமா?

கொழும்புக் கோட்டையில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடம் ஒல்லாந்தர் வைத்தியசாலை என்று கருதப்படுகிறது. 'டச்சு ஹொஸ்பிட்டல்' என்றால்தான் அங்குள்ள ஓட்டோக்காரருக்கு விளங்கும். பெயரை நம்பி மருந்துச் சீட்டோடு போகிறவர் ஏமாந்து திரும்ப வேண்டியதுதான். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அருகே, ஓட்டுக் கூரையும் நீண்ட விறாந்தைகளும் இரண்டு முற்றங்களுமாகத் தாழ்ந்து கிடக்கும் அந்தக் கட்டடத்தில் இப்போது உணவகங்களும் மதுச்சாலைகளும் கடைகளும் இருக்கின்றன. நண்டுச் சாப்பாட்டுக்கு வெளிநாடுகளிலும் பேர் வாங்கிய உணவகம் ஒன்றும் அங்கேதான் இருக்கிறது. வெயில் தணிந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும் முற்றங்களில் விளக்கெரியும். உல்லாசப் பிரயாணிகளும் வசதி படைத்த உள்நாட்டவரும் வந்து கூடுவர். தலைநகரின் களிப்புக்கென்று ஒதுக்கப்பட்ட பழைய முற்றம் அது.

அந்தச் சுவர்கள் முன்னர் கண்டவை வேறு. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தன் உத்தியோகத்தருக்காக நடத்திய வைத்தியசாலை அது. துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் கப்பல்களில் நோயுற்றுக் கிடந்தோரை இலகுவாக இறக்கிக் கொண்டுவர முடிந்தது. காலப்போக்கில் பல கை மாறி, 1980களில் கோட்டைப் பொலிஸ் நிலையமாயிற்று. 1996 ஜனவரி 31ஆம் திகதி விடுதலைப் புலிகள் வெடிமருந்து நிரப்பிய லொறியொன்றை அருகிலுள்ள மத்திய வங்கியில் மோதி வெடிக்கச் செய்தனர். 91 பேர் மாண்டனர். ஏறத்தாழ 1,400 பேர் காயமுற்றனர். பார்வையிழந்தோர் மட்டும் நூறு பேரளவில் இருந்தனர். பழைய வைத்தியசாலையும் அன்று பலத்த சேதமடைந்தது. 2009இல் போர் முடிந்தது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டத்தில், படையினரின் உழைப்போடு புதுப்பிக்கப்பட்டு, 2011 டிசம்பரில் அது இன்றைய கோலத்தில் திறக்கப்பட்டது.

பாடசாலைக் கல்விச் சுற்றுலாவொன்றில் மாணவர்களை அந்த முற்றத்தில் நிறுத்தி இவற்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பத்தாந்தரப் பிள்ளையொருத்தி கேட்டாள்: "சேர், இவ்வளவு சனம் செத்த இடத்துக்குப் பக்கத்தில இருந்து எப்பிடிச் சிரிச்சிச் சாப்பிடுறாங்க?"

கேள்வி சிறியது. விடை அவ்வளவு சிறியதல்ல. துயரம் நிகழ்ந்த இடத்தில் இன்பம் துய்ப்பது ஒழுக்கமா?

இதற்கு இரண்டு விடைகள் தயாராக உள்ளன. 'செத்தவர்களோடு செத்துவிட முடியுமா, வாழ்க்கை நகரத்தானே வேண்டும்' என்பது ஒன்று. 'இறந்தோர் மேல் ஏறி நின்று கூத்தாடுவது பாவம்' என்பது மற்றது. முதலாவது விடையைச் சொல்பவர் பெரும்பாலும் அங்கே எவரையும் பறிகொடாதவராக இருப்பார். இரண்டாவது விடையைச் சொல்பவருக்கு இந்த நாட்டில் கால் வைக்க இடம் கிடைக்காது. துயரம் நிகழாத மண் எங்கே மிச்சமிருக்கிறது?

கிழக்குக் கரையில் வாழும் நமக்கு இது தெரியாததன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் நாவலடியிலும் கடல் கொண்டுபோனவர்கள் எத்தனை பேர்! அதே கரையில்தான் இன்று பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள், தோணிகள் தள்ளப்படுகின்றன, பெருநாள் மாலைகளில் குடும்பங்கள் வந்து குந்துகின்றன. அதை யாரும் குற்றமென்று சொல்வதில்லை. ஆண்டு தோறும் அந்த நாளில் ஒருபுறம் சுடரேற்றப்படுகிறது, மறுபுறம் துஆ ஓதப்படுகிறது. மணலில் சிரிப்பவர்களுக்கு அந்த மணல் விழுங்கியவர்களின் பெயர்கள் தெரியும். ஆகவே அந்தச் சிரிப்பு எவரையும் அவமதிக்கவில்லை.

இந்த இதழின் வாசகர்கள் என்னிலும் நன்கு அறிந்த இரண்டு சம்பவங்களை இங்கே துணைக்கு அழைக்கலாம் என்று நினைக்கிறேன். வேற்று மதத்தவனாக இருந்தும் இவற்றை வாசித்த நாளிலிருந்து இரண்டும் என்னோடு இருக்கின்றன. தபூக் பயணத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) ஸமூது கூட்டத்தார் அழிந்த ஹிஜ்ர் பிரதேசத்தைக் கடந்தார்கள். அழுதவர்களாகவே அன்றி அங்கு நுழைய வேண்டாமெனத் தோழர்களைத் தடுத்தார்கள். அந்தக் கிணறுகளின் நீரால் பிசைந்த மாவைக்கூட ஒட்டகங்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லி, விரைந்து அகன்றார்கள். இது ஒன்று. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி எழுந்த நிலத்திலோ பழைய கப்றுகளும் இடிபாடுகளும் பேரீச்சை மரங்களும் இருந்தன. அவை அகற்றப்பட்டுச் சமப்படுத்தப்பட்டே பள்ளிவாசல் எழுந்தது. இது மற்றொன்று.

ஓரிடத்தில் நில்லாமல் போகச் சொன்ன அதே வழிகாட்டல், இன்னோரிடத்தில் பழையதை அகற்றிப் புதியதைக் கட்டச் சம்மதித்திருக்கிறது. மார்க்க அறிஞர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லலாம். சாதாரண வாசகனாக எனக்குப் பட்டது இதுதான்: எல்லா இடத்துக்கும் ஒரே சட்டம் இல்லை. இடத்தை எப்படி எடுத்தோம், எதை மனதில் கொண்டு அதில் நிற்கிறோம் என்பதே கேள்வி. மதீனாவில் நிலம் சும்மா எடுக்கப்படவில்லை. அதற்குரிய பனூ நஜ்ஜார் கூட்டத்தாரை அழைத்து விலை கேட்கப்பட்டது. ஹிஜ்ரில் கேட்டு அனுமதி பெற உரியவர் எவரும் எஞ்சியிருக்கவில்லை. அழுகை மட்டுமே அங்கு எஞ்சிய கடன்.

அந்த ஹிஜ்ர் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, இன்று சவூதி அரேபியாவின் பெரும் சுற்றுலாத் தலங்களுள் ஒன்றாகியிருக்கிறது. அதைச் சூழ்ந்த அல்-உலாப் பிரதேசத்தில் இசை விழாக்களும் நடக்கின்றன. எனவே அந்தப் பிள்ளை கேட்ட கேள்வி கொழும்புக்கு மட்டும் உரியதன்று.

இனி அந்த முற்றத்துக்குத் திரும்பினால், அங்கே உணவருந்துபவர்மீது குற்றமில்லை. உழைத்தவர் தம் குடும்பத்தோடு ஒரு மாலைப்பொழுது மகிழ்ந்திருப்பதில் என்ன பிழை? பிழை வேறிடத்தில் நேர்கிறது. உல்லாசப் பிரயாணக் கையேடுகள் இத்தகைய இடங்களின் கதையைச் சொல்லும்போது தேக்கு வளைகளையும் தடித்த சுவர்களையும் ஒல்லாந்தரின் நூற்றாண்டையும் விரித்துரைக்கின்றன. 1996 பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து போகிறது. முந்நூறு ஆண்டுப் பழைய மரணம் அலங்காரமாகிவிடுகிறது. நேற்றைய மரணம் வியாபாரத்துக்கு இடைஞ்சலாகிவிடுகிறது. நினைவோடு சேர்ந்து வரும் இன்பம் வேறு, நினைவை வெளியேற்றிவிட்டு அதன் கதிரையில் உட்காரும் இன்பம் வேறு. முன்னது வாழ்வின் இயல்பு. பின்னது ஒருவகைக் களவு.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். தலைநகரின் இடிபாடு, போர் முடிந்து மூன்று ஆண்டு நிறையுமுன்னே விளக்கலங்காரத்தோடு திறக்கப்பட்டது. எல்லாத் துயரத்துக்கும் இந்த வேகம் வாய்க்கவில்லை. யாருடைய காயத்துக்கு முதலில் மருந்து என்பதையும் அதிகாரமே தீர்மானிக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாகாது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, இதே கோட்டைப் பகுதியிலுள்ள ஹோட்டலொன்றிலும் கொழும்பின் வேறு இரு ஹோட்டல்களிலும் காலைச் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் தற்கொலைக் குண்டுகளுக்குப் பலியானார்கள். தேவாலயங்களில் தொழ வந்தவர்களும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்துச் சிறுவர்களும் சேர்ந்து 250க்கும் மேற்பட்டோர். பிறர் சிரிப்பதையே பகையாகக் கண்டவர்கள், சிரிப்பின் இடத்தை அழுகையின் இடமாக்கினார்கள். அவர்கள் செய்யாத பாவத்துக்கு ஒரு சமூகம் முழுவதும் தலைகுனிய வைக்கப்பட்டதையும் கண்டோம். துயரத்தை மதிக்காத களிப்பு ஒரு குறை. களிப்பையே சகியாத மனமோ அதனிலும் பெரிய கேடு. முன்னதைத் திருத்தலாம், பின்னது கொன்றுவிடும்.

அப்படியானால் நடு வழி எது? அதைத் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை, காத்தான்குடியிலேயே இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் கொன்ற பள்ளிவாசல்களில், மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்கள் பூசி மறைக்கப்படாமல் இன்றும் உள்ளன. அந்தச் சுவருக்குள்ளேதான் ஐந்து நேரமும் ஸப்பு நிற்கிறது, பெருநாள் தக்பீர் ஒலிக்கிறது, தொழுகை முடிந்து சிறுவர்கள் சிரித்துக்கொண்டு படியிறங்குகிறார்கள். இடத்தைக் கைவிடவுமில்லை, காயத்தை மறைக்கவுமில்லை. மத்திய வங்கிக்குப் பக்கத்து முற்றத்துக்கு இல்லாத ஒரு நிதானம் அந்தச் சுவருக்கு இருக்கிறது.

ஆனால் எல்லாருக்கும் அப்படியொரு சுவர் கிடைத்துவிடவில்லை. அதே 1990இல், ஜூலை 12ஆம் திகதி, கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடிக்குத் திரும்பிய முஸ்லிம் பயணிகள் எங்கள் ஊருக்குச் சில மைல் வடக்கே குருக்கள்மடத்தில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜனாஸாக்களை எடுத்து மையவாடியில் அடக்க வேண்டுமென்று உறவினர் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் இராணுவ முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள், பெண்களும் குழந்தைகளுமாக 180க்கும் மேற்பட்டோர், திரும்பி வரவில்லை. அங்கே ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. நீதி மட்டும் வரவில்லை.

தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடைகளில் சொல்கிறோம். உவமை நல்லதுதான். ஆனால் ஒருவர் துயரத்தை மற்றவர் பெயர் சொல்லி நினைக்காத வரைக்கும் அது மேடையை விட்டு இறங்காது. தன் வீட்டுப் பிணத்துக்கு அழுவது இயற்கை, பக்கத்து வீட்டுப் பிணத்துக்கு அழுவதே பண்பாடு. குருக்கள்மடத்தைத் தமிழ்ப் பிள்ளைக்கும் சத்துருக்கொண்டானை முஸ்லிம் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கும் கடமை ஆசிரியர்களாகிய எங்களுக்கு உண்டு. பழி வளர்ப்பதற்காக அல்ல, இடத்தை இடமாக அறிவதற்காக.

அந்தப் பத்தாந்தரப் பிள்ளைக்கு என் விடை இதுதான். துயரம் நிகழ்ந்த இடத்தில் சிரிக்கலாம். உரியவரிடம் கேட்டு, இறந்தவரின் பெயரைச் சொல்லி, நம்மவர் துயரத்துக்கும் மற்றவர் துயரத்துக்கும் ஒரே படியில் அளந்துவிட்டுச் சிரிக்கலாம். குருக்கள்மடத்துக் கரை அழகானது. ஒருநாள் அங்கேயும் விளக்குகள் எரியலாம், உல்லாசப் பிரயாணிகள் வரலாம், நண்டு பொரிக்கும் கடைகள் எழலாம். வரட்டும். அதற்கு முன்னர் அந்த மணலுக்குள் இருப்பவர்கள் தங்கள் மையவாடிக்குப் போய்ச் சேர வேண்டும்.